அண்ணியின் சுண்டுவிரல்

எங்கள் கடைத்தெருவில் கார் சாவி பூட்டுக்குள் உடைந்துபோனால் யாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். "சாவிக்கடை அக்காகிட்ட போங்க" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார், பழக்கடைக்காரர் சொல்வார், முனையில் நிற்கிற போக்குவரத்துக் காவலர்கூடக் கையைக் காட்டி அனுப்பிவைப்பார். அந்த அக்கா என் அண்ணி. என் சொந்த அண்ணனின் மனைவி. இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

நான் யூனிஃபார்ம் தைப்பவள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் தைத்து, என் பழைய காரிலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. எல்லோருக்கும் நான் பட்டாசுதான். அண்ணி எனக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று ரேஷன் வைத்திருப்பவள் மாதிரிப் பேசுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பை தைக்கிற கம்பெனியில் ஜிப் மாட்டுகிற வேலை பார்த்தவள். அண்ணன் சாவி வெட்டுகிறவன். மெஷினில் சாவியைக் கவ்வக் கொடுத்து, பக்கத்தில் அதேபோல இன்னொன்று வெட்டிக் கொடுப்பான். அதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பூட்டுக்குள் உடைந்த சாவி என்று வந்தால் அவனுக்கு வியர்த்துவிடும். கல்யாணமான நாலாவது மாதம் ஒரு டாக்சிக்காரர் அப்படி வந்து நின்றார். அண்ணன் ஒரு மணி நேரம் குடைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணி, "நான் ஒரு தடவை பாக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். கைப்பையிலிருந்து, ஜிப்பில் ஏறி இறங்குகிற ஓடியை இழுக்கிற சின்னக் கொக்கியை எடுத்துக்கொண்டு காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் பூட்டைப் பார்க்கவே இல்லை. எதிர் மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரர் அண்ணனிடம், "இவங்க வேலை பாக்கறாங்களா, வேடிக்கை பாக்கறாங்களா?" என்று கேட்டாராம். அவர் கேட்டு முடிப்பதற்குள் உடைந்த துண்டு அவள் உள்ளங்கையில் இருந்தது.

அன்றிலிருந்து பதினெட்டு வருஷம். கொக்கி போய், பழைய வைப்பருக்குள் இருக்கிற எஃகுத் தகட்டை உருவி, கல்லில் உரசி, அவளே செய்துகொண்ட பதினோரு கம்பிகள் வந்தன. ஒவ்வொன்றின் நுனியும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருக்கும். ஆனால் வேலை செய்கிற விதம் மட்டும் மாறவில்லை. உடைந்த சாவியோடு வருகிறவரிடம் "எப்படி உடைஞ்சுது?" என்று கேட்க மாட்டாள். "எந்தப் பக்கம் திருப்பும்போது உடைஞ்சுது?" என்றுதான் கேட்பாள். பூட்டுக்குள் ஓர் உருளை, அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். சாவி கொஞ்சம் திரும்பிய நிலையில் உடைந்திருந்தால் அந்தத் தகடுகள் துண்டைக் கவ்விக்கொண்டு விடாது. முதலில் உருளையை நேராக்க வேண்டும். அது தெரியாமல் இழுக்கிறவன் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்புறம் "மீதிப் பாதி எங்க?" என்பாள். வேலை முடிந்ததும் இரண்டு பாதிகளையும் ஒரு காகிதத்தில் வைத்து, புதிய சாவியோடு சேர்த்து, உரியவர் கையில் கொடுத்துவிடுவாள். அடுத்தவர் சாவியில் ஒரு துணுக்குகூடத் தன் கடையில் தங்கக் கூடாது என்பது அவள் கணக்கு. கார்க்காரர்கள் அவளை நம்பியது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

போன வருஷம் கடையில் ஒரு கண்ணாடித் தட்டு சரிந்து விழுந்து அவள் வலது மணிக்கட்டைக் கிழித்தது. நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. மடங்கும், நீளும், பிடிக்கும். தொட்டது என்ன என்று மட்டும் தெரியாது. "உணர்ச்சி மெதுவா வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். துண்டு எந்தத் தகட்டில் இடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று விரல்நுனியால் கேட்டே வாழ்ந்தவள் அவள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் "சரிங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

கம்பிகளை அண்ணன் கையில் எடுத்தான். இரண்டு மாதத்தில் மூன்று கார்களின் பூட்டைப் பாழாக்கினான். உடைந்த சாவியோடு வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றே போனார்கள். மெயின் ரோட்டில் ஒரு பெரிய சாவிக்கடை இருக்கிறது. அதன் முதலாளி நல்ல மனிதர். எங்கள் கடையைத் தன் கிளையாக எடுத்துக்கொள்கிறேன், அண்ணன் மெஷினில் நிற்கட்டும் என்றார். அண்ணி வீட்டில் இருக்க வேண்டியதுதான். கடை அண்ணி பெயரில் இருந்ததால் அவள் கையெழுத்து வேண்டும். இந்த யோசனைக்கு முதலில் தலையாட்டியவள் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். "பாவம் அண்ணி, இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அண்ணனிடம் அடித்துப் பேசியவள் நான். அண்ணியிடம் கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த மாதங்களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் நான் பார்த்தேன், ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. ஒன்று, அண்ணி எதைத் தொட்டாலும் சுண்டுவிரலால் தொட ஆரம்பித்தாள். கதவு, சுவிட்ச், டம்ளரின் விளிம்பு எல்லாம் சுண்டுவிரல். "மகாராணிக்கு மத்த விரலெல்லாம் அழுக்காயிடுமோ?" என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரித்தாள். இன்னொன்று, என் வீட்டிலிருந்த பழைய சாவிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விற்றுப்போன ஸ்கூட்டரின் சாவி, துருப்பிடித்த பீரோவின் சாவி, எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவிக்கொத்து. நான் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

கையெழுத்துப் போடுகிற நாளும் வந்தது. காலை பதினொரு மணிக்குப் பெரிய கடைக்காரர் வருவதாக ஏற்பாடு. சாட்சிக் கையெழுத்துக்கு நான். மதியம் கொடுக்க வேண்டிய நர்ஸ் யூனிஃபார்ம்களைப் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு, பத்தரைக்கே போய்க் கடை வாசலில் காரை நிறுத்தினேன். கதவைப் பூட்டிச் சாவியைத் திருப்பி உருவினேன். பாதிதான் வந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சாவியால் நான் பல மாதமாகத் துணி பார்சல்களின் கட்டை நெம்பிப் பிரித்துக்கொண்டிருந்தேன். "சாவியை அப்படி நெம்பாத, கழுத்துல விரிசல் விழும்" என்று அண்ணி மூன்று முறை சொல்லியிருந்தாள். மூன்று முறையும் "சரி அண்ணி" என்று சொன்னேன். சொன்னதோடு சரி.

உடனே உள்ளே போய் அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. அவள் இந்த வேலையை விடுகிற நாள் அது. அந்த நாளில், இன்னொரு சாவிக்காரர் வந்து நிற்கப் போகிற நேரத்தில், "அண்ணி, உடைஞ்ச சாவி" என்று போய் நின்றால் அவள் மனசு என்ன பாடுபடும்? அவளுக்குத் தெரியாமல் நானே முடித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். பதினெட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்குத் தெரியாதா என்ன என்ற திமிர் வேறு. ஜெராக்ஸ் கடையில் ஒட்டுப் பசை வாங்கினேன். உடனே ஒட்டிக்கொள்கிற ரகம். கையிலிருந்த பாதியின் முனையில் இரண்டு சொட்டு விட்டு, பூட்டுக்குள் நுழைத்து, அழுத்திப் பிடித்து, நூறு வரை எண்ணினேன். பிறகு இழுத்தேன். அதே பாதி வந்தது. ஆனால் பூட்டின் வாயை மூடுகிற குட்டித் தகடு உள்ளே மடங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. பசையைத் தொட்ட என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நிமிர்ந்தால் என் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். அண்ணன், அண்ணி, பெரிய கடைக்காரர்.

பெரிய கடைக்காரர் குனிந்து பார்த்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்தார். "பசை விட்டிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. "பசை போனா எடுக்க முடியாதுங்க. டிரில் போட்டுப் பூட்டையே கழட்டிடலாம். வேற சாவி இருக்கில்ல? எஞ்சினுக்கும் அதே சாவிதானே?"

"வீட்டு டிராயர்ல ஒண்ணு இருக்கு. அவரை எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றேன்.

அண்ணி மெதுவாக, "இருக்காது" என்றாள்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் டிராயரைக் கவிழ்த்துத் தேடிவிட்டு, ஊசியும் பட்டனும்தான் இருக்கிறது என்றார். அண்ணிக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூட எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அப்ப டிரில் கூடாது. அந்தத் துண்டு சேதமில்லாம வெளிய வரணும். அதை வெச்சுத்தான் புதுச்சாவி வெட்டணும்" என்றாள் அண்ணி. உள்ளே போனாள். கம்பிகள் சுற்றி வைத்த துணிச்சுருளோடு வந்தாள்.

அண்ணன் அவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில், "வேணாம்மா. எல்லாருக்கும் முன்னாடி எதுக்கு?" என்றான். அவள் தோற்பதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

"எல்லாருக்கும் முன்னாடிதானேங்க பதினெட்டு வருஷமா செய்யறேன்" என்றாள்.

பக்கத்து அழகு நிலையத்தில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். முதலில் என் விரல்களில் ஊற்றிப் பிரித்துவிட்டாள், சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோல. பிறகு பஞ்சில் நனைத்துப் பூட்டின் வாயில் வைத்து அழுத்தினாள். ஐந்து நிமிஷம், மறுபடி ஐந்து நிமிஷம், இன்னொரு பஞ்சு. கெட்டிப்பட்ட பசை பாலாடைபோல உரிந்து வந்தது. குட்டித் தகடு விடுபட்டு ஆடியது. அது மறுபடி மூடாமல் இருக்க ஒரு தகரச் சில்லைச் செருகினாள்.

"எந்தப் பக்கம் திருப்பும்போது உடைஞ்சுது?"

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை முதல்முறையாக என்னிடம் கேட்டாள். "பூட்டிட்டுத் திரும்ப நேராக்கும்போது" என்றேன். கூடவே, விரிசல் எனக்குத் தெரியவே தெரியாது, பார்சல் கட்டு ரொம்ப இறுக்கம், நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"பட்டாசு, கொஞ்ச நேரம் நமத்துப் போ" என்றாள் அண்ணி.

பெரிய கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் வாயை மூடினேன்.

அப்புறம்தான் அவள் கம்பியை எடுத்தாள். பிடித்த விதம் புதிதாக இருந்தது. கம்பியின் அடிப்பகுதியை உள்ளங்கைக்குள் அடக்கி, மரத்த மூன்று விரல்களாலும் வெறும் கிடுக்கிபோலக் கவ்விக்கொண்டாள். கையைத் தலைகீழாகத் திருப்பி, சுண்டுவிரலை நீட்டி, அதன் நுனியைக் கம்பியின் முதுகில் மெத்தென்று வைத்தாள். கண்ணாடி கிழித்த நரம்புக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தமில்லை. டாக்டர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். நாங்கள் மரத்துப்போன மூன்று விரல்களைப் பற்றியே பேசிப் பேசி மாய்ந்தோம். மிச்சம் இருந்ததை அவள் ஒருத்திதான் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

முகத்தைத் திருப்பி எதிர் மாடியைப் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே இப்போது துணி இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அதையே பார்த்தாள்.

முதலில் தட்டையான கம்பியால் உருளையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நேராக்கினாள். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். அதை வைத்துவிட்டு, நுனி வளைந்த கம்பியைத் துண்டின் ஓரமாக நுழைத்தாள். இரண்டு முறை நழுவியது. அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாவது முறை அவள் நிறுத்தி, கையை உதறி, சுண்டுவிரலை உதட்டில் வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டாள். மறுபடி நுழைத்தாள். சுண்டுவிரல் கம்பியின் மேல் லேசாக, ரொம்ப லேசாக நடுங்கியது. "ஒண்ணு" என்று தனக்குள் சொன்னாள். "ரெண்டு." அவள் எண்ணியது துண்டு தாண்டி வருகிற தகடுகளை. மூன்றில் வெகுநேரம் நின்றாள். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அந்த ஆள் இன்னொரு முறை அடிக்கவில்லை. நாலு. ஐந்து.

பித்தளை நுனி ஓர் அரிசி அளவுக்குப் பூட்டின் வாயில் எட்டிப் பார்த்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு, இடது கையால் சாமணத்தை வைத்து உருவினாள். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நகப்பூச்சுத் திரவத்தின் நெடி என்று சொல்லித் தப்பித்தேன். பொய். பெருமையில் அழுதேன்.

பெரிய கடைக்காரர் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட லட்சணமா மெஷின் இருக்குக்கா. இந்தக் கை இல்ல. இனிமே உடைஞ்ச சாவி வந்தா நான் இங்கதான் அனுப்புவேன்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நான் வந்த வேலை இன்னிக்கு இல்லைன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன் அல்லவா.

அவர் போன பிறகு அண்ணி மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஆறேழு பழைய பூட்டுகள், அவற்றோடு அறுபது, எழுபது உடைந்த சாவித்துண்டுகள். சாவியைப் பாதி அறுத்து, பூட்டுக்குள் விட்டு, திருகி உடைத்து, பிறகு எடுத்திருக்கிறாள். அண்ணன் மதியம் சாப்பிடப் போகிற நேரமெல்லாம் ஏழு மாதமாக இதுதான் வேலை. நான் கிளறினேன். என் ஸ்கூட்டர் சாவி. என் பீரோ சாவி. அப்புறம், என் காரின் இரண்டாவது சாவி, அந்தப் பூட்டுக்குள் நுழைய அராவியதில் பல்லெல்லாம் போய், அழகாக இரண்டு துண்டாக.

"அண்ணி, இது என் கார் சாவி."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "உன் டிராயர்ல பழைய கொத்தோட இருந்துச்சு. தெரியாம அறுத்துட்டேன். அறுத்த பிறகுதான் பாத்தேன். உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"உன் வாய்க்குப் பயந்துதான்."

அடுத்தவர் சாவியில் ஒரு துணுக்கைக்கூட வைத்துக்கொள்ளாதவள், என் வீட்டுச் சாவிகளை அள்ளிக்கொண்டு வந்து அறுத்திருக்கிறாள். என்னை அடுத்தவள் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் பசை போட்டவளுக்குப் பேச முகம் ஏது?

அண்ணன் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு செஞ்சிருக்கியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நேத்து வரைக்கும் பத்துக்கு ஏழுதாங்க வந்துச்சு. ஏழை வெச்சுக்கிட்டு என்னன்னு சொல்றது? எல்லாரும் பாவம்னு பாப்பீங்க." கம்பிகளைத் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஏழுன்னே சொல்லியிருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்தான். கிழிப்பான் என்று நினைத்தேன். இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். சாவி வெட்டுகிற மெஷின் நிற்கும் மேசையின் ஒரு கால் பல மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் அடியில் செருகினான். மேசையை ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. அண்ணி இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து அளவு எடுக்க, அந்த மேசையின் மேல் எனக்குப் புதுச்சாவி வெட்டினான்.

யூனிஃபார்ம்கள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பார்சல் பிரிக்கக் கத்தரிக்கோல் என்று ஒன்று இருப்பது, தையல்காரியான எனக்கு நாற்பத்துமூன்று வயதில்தான் ஞாபகம் வந்தது.

காரில் ஏறும்போது அண்ணி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். பிரித்தால் இன்று உடைந்த சாவியின் இரண்டு பாதிகள், அவள் அறுத்ததன் இரண்டு பாதிகள். "நாலும் உன்னுது. எங்கிட்ட இருக்கக் கூடாது" என்றாள். தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், நான் ஊசி எடுக்கும்போது பார்த்துவிட்டு, இந்த உடைசலை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் அதைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.